ஆக்சிமீட்டர் 99 காட்டுகிறது, ஆனால் மூச்சு பத்தவில்லை

கரூர்_கணக்கன்
மார்ச் 3, இரவு 1:50

தூக்கம் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். வயது 36. பெட்ஷீட், கர்ட்டன் ஏற்றுமதி செய்யும் கம்பெனியில் கணக்குப் பிரிவு. சிகரெட் இல்லை. எப்போதாவது கல்யாண வீட்டில் பீர், அவ்வளவுதான்.

மூன்று மாதமாக மூச்சு சரியில்லை. இழுக்கிறேன், பாதியில் நின்றுவிடுகிறது. பத்து தடவை இழுத்தால் ஒரு தடவைதான் அடிவரை போகிறது. அந்த ஒரு மூச்சுக்காக வேண்டுமென்றே கொட்டாவி விட்டுப் பார்ப்பேன். ஆபீசில் பக்கத்து சீட்டுக்காரர், "ராத்திரி தூங்கலையா?" என்று தினமும் கேட்கிறார்.

முதலில் எல்லோரும் கேஸ் என்றார்கள். அம்மா ஓமத்தண்ணீர், பக்கத்து வீட்டு அண்ணன் சோடா. ஜனவரியில் ஒரு ராத்திரி உதடு மரத்து, நெஞ்சு படபடத்து, இரண்டு கை விரல்களும் தானாக உள்பக்கம் மடங்கி இழுத்துக்கொண்டன. பக்கவாதம் என்று நினைத்து மனைவி அழ, ஆட்டோ பிடித்து ஓடினோம். ஈசிஜி, எக்கோ, எக்ஸ்ரே, தைராய்டு, ரத்தம் எல்லாம் பார்த்தாகிவிட்டது. எல்லாமே நார்மல். "ஒண்ணுமில்ல, டென்ஷன்" என்று சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள்.

கொரோனா சமயத்தில் வாங்கிய ஆக்சிமீட்டர் (ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டுவது) வீட்டில் இருக்கிறது. இப்போதும் விரலில் மாட்டியிருக்கிறேன். 99. மூச்சு பத்தாதவனுக்கு 99 எப்படி? மிஷின் பொய்யா, நான் பொய்யா?

---

தாம்பரம்_லோக்கல்
மார்ச் 3, காலை 7:15

அண்ணா, அந்தக் கொட்டாவி மேட்டர் எனக்கும் அப்படியே. நான் மட்டும்தான் இப்படி என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். பல்லாவரம் தாண்டும்போது ரயிலில் ஆரம்பிக்கும், கிண்டியில் இறங்கியதும் சரியாகிவிடும். யாராவது தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

நேர்பேச்சு
மார்ச் 3, காலை 9:02

எல்லாம் மனசுதான் சார். வேலையைக் குறைங்க, காலையில் வாக்கிங் போங்க, போனைத் தூக்கிப் போடுங்க. நம்ம தாத்தா காலத்தில் யாருக்கும் இதெல்லாம் இருந்ததில்லை.

---

வைகைக்கரை
மார்ச் 3, இரவு 9:30

தம்பி, நான் மதுரையில் பிசியோதெரபிஸ்ட். 22 வருஷம் நெஞ்சு நோய் வார்டில்தான் வேலை. உங்களைத் தொட்டுப் பார்க்காமல் இதுதான் என்று சொல்ல மாட்டேன். ஆனால் டெஸ்ட் எல்லாம் முடித்துவிட்டு வந்திருப்பதால் கொஞ்சம் விரிவாகவே பேசலாம்.

மிஷினும் பொய் சொல்லவில்லை, நீங்களும் பொய் சொல்லவில்லை. மூச்சு எடு என்று மூளையை நச்சரிப்பது பெரும்பாலும் ஆக்சிஜன் குறைவு என்று நினைக்கிறோம். இல்லை. சாதாரண நேரத்தில் அந்த வேலையைச் செய்வது கார்பன் டை ஆக்சைடு. ரத்தத்தில் அது 35 முதல் 45 மி.மீ. பாதரச அளவுக்குள் இருக்கவேண்டும். பதற்றத்தில் நீங்கள் வேகமாகவும் ஆழமாகவும் இழுத்து இழுத்து விடும்போது ஆக்சிஜன் பெரிதாக ஏறாது. ஏற்கெனவே 98, 99 இருப்பது 100-க்கு மேல் எங்கே போகும்? ஆனால் கார்பன் டை ஆக்சைடு மடமடவென்று இறங்கிவிடும்.

அது இறங்கினால் என்ன ஆகும்? மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்கள் சுருங்கும். தலை லேசாகும், கிறுகிறுக்கும், எதிரே இருப்பவர் ஏதோ கண்ணாடிக்கு அந்தப்பக்கம் நிற்பது மாதிரி தெரியும். ரத்தத்தின் காரத்தன்மை கூடும். அதனால் ரத்தத்தில் தனியாக மிதக்கும் கால்சியத்தில் கொஞ்சம் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். நரம்புகளுக்கு அது பிடிக்காது. உதடும் விரல் நுனியும் மரத்துப்போவது, கை மடங்கி இழுத்துக்கொள்வது எல்லாம் அதனால்தான். பார்க்க பயங்கரமாக இருக்கும். மூச்சு நிதானமானதும் தானாக விட்டுவிடும்.

இன்னொரு கூத்தும் உண்டு. கார்பன் டை ஆக்சைடு குறைந்தால் ரத்தம் தன்னிடம் இருக்கும் ஆக்சிஜனைத் திசுக்களுக்கு லேசில் விட்டுக் கொடுக்காது. 1904-இல் டென்மார்க்கில் கிறிஸ்டியன் போர் கண்டுபிடித்தது இது (அணு விஞ்ஞானி நீல்ஸ் போரின் அப்பா). ஆக, காற்று பத்தவில்லை என்று நீங்கள் இழுக்கும் ஒவ்வொரு கூடுதல் மூச்சும் உங்களை இன்னும் கிறுகிறுக்க வைக்கிறது. அந்தக் கிறுகிறுப்பைப் பார்த்துப் பயந்து இன்னொன்று இழுக்கிறீர்கள்.

இப்போது ஒரே ஒரு கேள்வி. மூச்சு உள்ளே போகமாட்டேன் என்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். வெளியே விட்டீர்களா?

---

கரூர்_கணக்கன்
மார்ச் 3, இரவு 10:41

அக்கா, இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. இப்போது கவனித்துப் பார்த்தேன். சரியாக விடுவதே இல்லை. பாதி விட்டதும் அடுத்ததை இழுக்க ஆரம்பித்துவிடுகிறேன். தோள்பட்டை இரண்டும் காதுப்பக்கம் ஏறி நிற்கிறது.

---

வைகைக்கரை
மார்ச் 3, இரவு 10:55

அதேதான். நிறைந்த குடத்தில் மேலும் தண்ணீர் ஊற்றிவிட்டு, ஏன் உள்ளே போகவில்லை என்று கேட்கிறீர்கள். முதலில் குடத்தைச் சாய்க்கவேண்டும்.

கீழே சொல்வதைப் படபடப்பு இல்லாத நேரத்தில் பழகுங்கள். வெள்ளம் வந்தபிறகு நீச்சல் கற்றுக்கொள்ள முடியாது.

மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கிக்கொள்ளுங்கள். தொப்புள் மேல் அரைக் கிலோ உப்பு பாக்கெட் ஒன்றை வையுங்கள். (என்னிடம் வருகிறவர்களுக்கு இதுதான் கொடுப்பேன். வார்டில் மணல்மூட்டை எப்போது தேடினாலும் காணாமல் போயிருக்கும்.) வாயைக் குவித்து, அகல்விளக்கின் சுடர் ஆடவேண்டும் ஆனால் அணையக்கூடாது என்கிற அளவுக்கு மெல்ல ஊதுங்கள். பாக்கெட் இறங்கும். முழுதாகப் பிழிந்து எடுக்கவேண்டாம், தானாக எவ்வளவு போகிறதோ அவ்வளவு. பிறகு சும்மா இருங்கள். ஒரு நொடி, இரண்டு நொடி. உடம்பு தானே மூக்கு வழியாக இழுக்கும், பாக்கெட் ஏறும். நீங்கள் இழுக்கவேண்டாம்.

முதல் வாரம் 3 எண்ணி உள்ளே, 4 எண்ணி வெளியே. பழகியபின் 4 உள்ளே, 6 வெளியே. அப்படி விட்டால் நிமிஷத்துக்கு 6 மூச்சு வரும். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு 12 முதல் 20. உள்ளே இழுக்கும்போது இதயத்துடிப்பு கொஞ்சம் கூடும், வெளியே விடும்போது குறையும். கையில் நாடியைப் பிடித்துப் பார்த்தால் சிலருக்கு அது விரலிலேயே தெரியும். வெளிமூச்சை நீட்டச் சொல்வது அதற்காக.

"நல்லா ஆழமா மூச்சு இழுத்து விடுங்க" என்று பக்கத்தில் நிற்பவர்கள் சொல்வார்கள். அன்பாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் படபடப்பில் இருப்பவருக்கு அதுதான் கெடுதல்.

---

பருத்தித்துறையான்
மார்ச் 4, காலை 6:20

வணக்கம் அக்கா. எனக்குச் சின்ன வயதிலிருந்தே தொய்வு (ஆஸ்துமா). அதோடு கடந்த நாலைந்து வருடமாகப் பதட்டமும் சேர்ந்துகொண்டது. எனக்கு இருக்கிற பிரச்சினை வேறு. இழுப்பு வருகிறதா, பயம் வருகிறதா என்று எனக்கே விளங்காது. இன்ஹேலரை அடித்தால் நெஞ்சு இன்னும் அடிக்கும், கை நடுங்கும். பேந்து அதைப் பார்த்துப் பயந்து இன்னும் இரண்டு தரம் அடிப்பேன்.

ஒன்று மட்டும் எல்லாருக்கும் சொல்லவேணும். போன வருடம் தெரிந்த ஒருவர், "இது படபடப்புக்கு நல்ல குளிசை, நானும் போடுறனான்" என்று புரோப்ரனலோல் தந்தார். போட்ட அன்றிரவு சுவாசக்குழாய் இறுகி ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனார்கள். தொய்வுக்காரருக்கு அந்த மருந்து கூடாது என்று அங்கேதான் தெரியவந்தது.

---

வைகைக்கரை
மார்ச் 4, இரவு 8:12

பருத்தித்துறைத் தம்பி, நீங்கள் சொன்னதை எல்லோரும் இரண்டு முறை படிக்கவேண்டும். ஆஸ்துமா இருப்பவர்களுக்குப் புரோப்ரனலோல் ஆபத்து. நல்ல மருந்துதான், ஆனால் ஆள் பார்த்துத்தான் கொடுக்கவேண்டும்.

சால்பியூட்டமால் இன்ஹேலரே துடிப்பையும் நடுக்கத்தையும் கூட்டும். அது மருந்தின் குணம், உங்களுக்கு ஏதோ ஆகிறது என்று அர்த்தமில்லை. இழுப்பையும் பயத்தையும் பிரிக்க வீட்டில் ஒரு பீக் ஃப்ளோ மீட்டர் (ஊதும் காற்று எவ்வளவு வேகமாக வருகிறது என்று அளக்கும் கருவி) வைத்துக்கொள்ளுங்கள். நலமாக இருக்கும் நாளில் ஊதி உங்கள் சிறந்த அளவைக் குறித்து வையுங்கள். மூச்சு முட்டும்போது ஊதினால் அளவு கிட்டத்தட்ட அதே இருக்கிறதா, விழுந்திருக்கிறதா என்று தெரியும். விழுந்திருந்தால் இழுப்பு: டாக்டர் எழுதித் தந்த முறைப்படி இன்ஹேலர். சந்தேகமாக இருந்தால் இழுப்பு என்றே வைத்துக்கொள்ளுங்கள், பயம் என்று நினைத்துக் காத்திருக்கவேண்டாம். இன்ஹேலர் அடிக்கடி தேவைப்பட்டால் தினசரி எடுக்கும் தடுப்பு மருந்தை டாக்டர் பார்த்து மாற்றவேண்டியிருக்கும்.

---

மஞ்சள்பை
மார்ச் 4, இரவு 9:40

நேர்பேச்சு ஐயாவுக்கு. நான் உளவியல் படிக்கிறேன், அதனால் வாய் சும்மா இருக்கவில்லை.

தாத்தா காலத்தில் இல்லை என்கிறீர்கள். அமெரிக்க உள்நாட்டுப் போரில் இருந்த சிப்பாய்களிடம் நெஞ்சு படபடப்பும் மூச்சுமுட்டலும் பார்த்து, இதயத்தில் கோளாறு ஒன்றும் காணாமல், டா கோஸ்டா என்ற டாக்டர் 1871-இல் கட்டுரையே எழுதிவிட்டார். தாத்தாவுக்கும் தாத்தா காலம் அது. நம் ஊரில் அதற்கு "மாரடைப்பு பயம்", "காத்து கருப்பு", "கேஸ்" என்று வேறு பெயர் வைத்திருந்தோம்.

"மனசுதான்" என்பதிலும் எனக்கு ஒப்புதல் இல்லை. மூளையில் பயத்துக்கு முக்கியமான அமிக்டலா என்ற பகுதி இரண்டு பக்கமும் சேதமடைந்த மூன்று பேரை வைத்து 2013-இல் ஒரு ஆய்வு வந்தது. பாம்பைக் கண்டும் பயப்படாத ஒருவர் அதில் உண்டு. 35 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு கலந்த காற்றை ஒரு இழுப்பு இழுக்கக் கொடுத்தார்கள். மூன்று பேரும் அலறிவிட்டார்கள். வாழ்க்கையில் பயம் என்றால் என்னவென்றே தெரியாத ஆளையும் மூச்சு பயமுறுத்திவிடும் என்றால், அந்த மணி உடம்புக்குள் எவ்வளவு ஆழத்தில் கட்டியிருக்கிறது என்று பாருங்கள். டொனால்ட் க்ளைன் என்ற மனநல மருத்துவர் 1993-இல் இதைப் "பொய்யான மூச்சடைப்பு எச்சரிக்கை" என்று விளக்கினார். தீ இல்லாமலே தீயணைப்பு மணி அடிக்கிறது. அவர் விளக்கத்தை எல்லோரும் ஏற்கவில்லை, ஆனால் அனுபவித்தவர்களுக்கு அந்தப் பெயர் சரியாகப் பொருந்தும்.

---

நேர்பேச்சு
மார்ச் 4, இரவு 10:05

சரிம்மா, வாபஸ். ஆனா வாக்கிங் போகச் சொன்னது தப்பில்லையே?

---

மஞ்சள்பை
மார்ச் 4, இரவு 10:09

அது தப்பே இல்லை.

---

சேது_யோகா
மார்ச் 5, காலை 5:30

இதற்கு எதற்கு டென்மார்க்கும் அமெரிக்காவும்? திருமூலர் கணக்குப் போட்டுத் தந்துவிட்டுப் போயிருக்கிறார். 16 மாத்திரை (மருந்து இல்லை, கால அளவு) உள்ளே, 64 மாத்திரை நிறுத்தம், 32 மாத்திரை வெளியே. காலையில் வெறும் வயிற்றில் கபாலபாதி 100 தடவை, பஸ்திரிகா 50 தடவை, பிறகு கும்பகம் (மூச்சை அடக்கி நிறுத்துவது). ஒரு மண்டலம் செய்து பாருங்கள், ஆக்சிமீட்டரைத் தூக்கி எறிவீர்கள்.

---

வைகைக்கரை
மார்ச் 5, மதியம் 2:15

சேது சார், உங்கள் மேல் மரியாதையோடுதான் சொல்கிறேன். அந்தக் கணக்கில் வெளிமூச்சு உள்மூச்சைப்போல் இரண்டு மடங்கு இருப்பதைப் பாருங்கள். நான் சொல்வதும் அந்தப் பக்கம்தான். ஆனால் நடுவில் இருக்கும் 64, குருவிடம் வருஷக்கணக்கில் பழகியவர்களுக்கு. ஏற்கெனவே மூச்சு முட்டுகிறது என்று பயந்து கிடப்பவரை, அடக்கு என்று சொன்னால் பாதியில் எழுந்து ஓடுவார்.

கபாலபாதியும் பஸ்திரிகாவும் வேகமாக ஊதித்தள்ளும் பயிற்சிகள். பதற்றக்காரர்களுக்கு அதே மரத்துப்போதல், அதே கிறுகிறுப்பு வர வாய்ப்பு அதிகம். வகுப்பில் விழுந்துவிட்டு என்னிடம் வந்தவர்கள் இருக்கிறார்கள். ரத்தக்கொதிப்பு, கர்ப்பம், வலிப்பு இருப்பவர்களுக்கும் அவை ஆகாது. நாடிசுத்தி (மூக்கின் இரு துவாரங்களிலும் மாற்றி மாற்றி விடும் மூச்சு), பிராமரி இரண்டையும் நிறுத்தம் இல்லாமல் சொல்லிக்கொடுங்கள், நானே உங்களிடம் ஆள் அனுப்புகிறேன். பிராமரியில் வண்டு மாதிரி ரீங்காரம் போடவேண்டுமென்றால் வெளிமூச்சு தானாக நீண்டுதானே ஆகவேண்டும்?

---

சேது_யோகா
மார்ச் 5, மாலை 6:40

நியாயம். பதற்றக்காரர்களுக்கு நான் கபாலபாதி சொல்லியிருக்கக்கூடாது. ஆனால் நாடிசுத்தியையும் யூடியூபைப் பார்த்து ஆரம்பிக்காதீர்கள், யாராவது நேரில் உட்கார்ந்து திருத்தவேண்டும். சென்னையில் இருப்பவர்களுக்கு அரும்பாக்கத்தில் அரசு யோகா இயற்கை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

---

உப்பளக்காத்து
மார்ச் 5, இரவு 9:20

தூத்துக்குடியிலிருந்து. படித்துக்கொண்டே வந்தபோது எங்கள் பாட்டி ஞாபகம் வந்தது. கடலுக்குப் போன தாத்தா திரும்ப நேரமானால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குவாள். உடனே ஜெபமாலையை எடுத்துவிடுவாள். "அருள் நிறைந்த மரியே" அவள் சொல்லவேண்டும், "அர்ச்சிஷ்ட மரியாயே" நாங்கள் சொல்லவேண்டும். மூன்றாவது பத்துமணி முடிவதற்குள் அவள் குரல் சமநிலைக்கு வந்திருக்கும். மாதா வந்துவிட்டாள் என்பாள். நான் இப்போது கோயிலுக்கு அதிகம் போவதில்லை, ஆனால் படபடப்பு வந்தால் வாய் தானாக அதைத்தான் சொல்கிறது.

---

வைகைக்கரை
மார்ச் 5, இரவு 9:58

உப்பளம், இதைக் கேளுங்கள். 2001-இல் இத்தாலியில் பெர்னார்டி என்பவர் குழுவினர் 23 பேரை வைத்து இதையே அளந்து பார்த்திருக்கிறார்கள். லத்தீனில் ஜெபமாலை சொல்லும்போதும், "ஓம் மணி பத்மே ஹூம்" சொல்லும்போதும் மூச்சு நிமிஷத்துக்குச் சுமார் 6-க்கு வந்து நின்றது. ஒருவர் பாதி, மற்றவர் மீதி என்று சொல்லும்போது, தன் பாதியைச் சொல்பவர் அவ்வளவு நேரம் மூச்சை விட்டுக்கொண்டே இருக்கிறார். மற்றவர் சொல்லும்போது இழுத்துக்கொள்கிறார். உங்கள் பாட்டி கணக்குப் பார்க்காமலே 6-ல் நின்றிருக்கிறார்.

---

தாம்பரம்_லோக்கல்
மார்ச் 6, காலை 8:50

ரயிலில் உப்பு பாக்கெட் வைத்துப் படுக்க முடியாது, அதனால் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தேன். ஸ்டேஷன் போர்டைப் பார்த்ததும் பெயரைச் சத்தமில்லாமல் இழுத்துச் சொல்வேன். மீ…ன…ம்…பா…க்…கம். பழவந்தாங்கல் இன்னும் நல்லது, நீளமான பெயர். விட்டுமுடித்ததும் வாயை மூடிக்கொள்வேன். கிண்டி மட்டும் ரொம்பச் சின்னது, அதற்குள் இறங்கிவிடுவேன் என்பதால் பரவாயில்லை.

சீரியஸாக ஒரு கேள்வி: பிளாஸ்டிக் கவர் அல்லது பேப்பர் பையில் மூச்சு விடச் சொல்கிறார்களே, செய்யலாமா?

---

வைகைக்கரை
மார்ச் 6, இரவு 8:30

வேண்டாம். பிளாஸ்டிக் கவர் கிட்டவே போகாதீர்கள். பேப்பர் பை ஒரு காலத்தில் நாங்களே சொன்னதுதான். விட்ட கார்பன் டை ஆக்சைடையே திரும்ப இழுக்கட்டும் என்ற கணக்கு. ஆனால் வந்தது பதற்றமாக இல்லாமல் மாரடைப்பாகவோ நிமோனியாவாகவோ ஆஸ்துமாவாகவோ இருந்தால், ஏற்கெனவே குறைந்த ஆக்சிஜனை இன்னும் குறைத்துவிடுவோம். இப்போது அதைச் சொல்வதில்லை. வெளியே மெல்ல ஊதினாலே அந்த வேலை நடந்துவிடுகிறது. பழவந்தாங்கல் முறைக்கு என் முழு ஆதரவு.

---

சின்னவெங்காயம்
மார்ச் 7, காலை 11:10

எல்லோரும் பதற்றம் பதற்றம் என்கிறீர்கள், நடுவில் ஒரு கல்லைப் போடுகிறேன், கோபிக்காதீர்கள்.

என் மாமியார் ஒன்றரை வருஷமாக மூச்சு வாங்குகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். மாவாட்ட உட்கார்ந்தால், இரண்டு படி ஏறினால், துணி காயப்போட்டால். காட்டிய இடத்தில் "வயசு, டென்ஷன், மருமகளோடு சண்டை போடாதீங்க" என்று சொல்லி அனுப்பினார்கள். (மருமகள் நான்தான். சண்டை எல்லாம் இல்லை.) கடைசியில் வேறு டாக்டர் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்துவிட்டு ரத்தம் எடுக்கச் சொன்னார். ஹீமோகுளோபின் 6.8. கர்ப்பப்பைக் கட்டியில் மாதாமாதம் ரத்தம் போய்க்கொண்டிருந்திருக்கிறது. அவர் யாரிடமும் சொல்லவில்லை.

தேசிய குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இரண்டில் ஒருவருக்கு மேல். ஒரு பெண் மூச்சு வாங்குகிறது என்று வந்தால் முதலில் இதைப் பார்க்கவேண்டாமா? ஆக்சிமீட்டர் இதைக் காட்டாது. அவருக்கு அப்போதும் 98-தான்.

---

வைகைக்கரை
மார்ச் 7, இரவு 9:15

கோபமா? இந்த இழையில் இருக்கவேண்டிய பதிவே இதுதான். இருக்கிற கொஞ்ச ஹீமோகுளோபினிலும் ஆக்சிஜன் நிரம்பியிருந்தால் மிஷின் 98 காட்டும். வண்டி பாதிதான் இருக்கிறது, இருக்கும் வண்டியெல்லாம் ஃபுல் என்று சொல்கிறது, அவ்வளவுதான். அதேபோல் விரல் சில்லிட்டிருந்தாலும் நகப்பூச்சு இருந்தாலும் ஒன்றுமில்லாமலே குறைத்துக் காட்டும். படபடப்பில் கை சில்லிடுவது சகஜம். அந்த நேரத்தில் 90 என்று பார்த்துப் பயந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

தோராயமான அடையாளம் ஒன்று சொல்கிறேன். சும்மா உட்கார்ந்திருக்கும்போது முட்டி, எழுந்து வேலையில் இறங்கினால் மறந்துபோகும் மூச்சு பெரும்பாலும் பதற்ற மூச்சு. நடந்தால், படி ஏறினால், மல்லாந்து படுத்தால் கூடுகிற மூச்சை இதயம், நுரையீரல், ரத்தம் என்று முதலில் தேடவேண்டும். தோராயம்தான், சட்டமில்லை.

நெஞ்சில் பாரம் வைத்து அழுத்தி இடது கைக்கோ தாடைக்கோ பரவுவது, சட்டை நனையும் வியர்வை, உதடு நீலமாவது, ஒரு வாக்கியம் முழுதாகப் பேசமுடியாமல் திணறுவது, ஒரு கால் மட்டும் வீங்கி மூச்சு வாங்குவது: இதில் எது வந்தாலும் எண்ணிக்கொண்டு உட்கார வேண்டாம், 108. பருத்தித்துறைத் தம்பிக்கு, இலங்கையில் ஆம்புலன்ஸ் எண் 1990. சர்க்கரைக்காரர்களுக்கும் பெண்களுக்கும் மாரடைப்பு நெஞ்சுவலியே இல்லாமல் வெறும் மூச்சுத்திணறலாகவும் வரலாம். ஒருமுறை எடுத்த ஈசிஜி நார்மல் என்பதும் அந்த நேரத்தில் முழு உத்தரவாதம் ஆகாது.

---

கரூர்_கணக்கன்
மார்ச் 12, இரவு 11:30

ஜிஎஸ்டிஆர்-1 (ஜிஎஸ்டி விற்பனைக் கணக்குத் தாக்கல்) கெடு நேற்றோடு முடிந்தது, இப்போதுதான் தலை நிமிர்ந்தேன். அக்கா சொன்ன அடையாளத்தை வைத்துப் பார்த்தேன். எங்கள் ஆபீஸ் மூன்றாவது மாடி, லிஃப்ட் பாதி நாள் ஓடாது. படி ஏறும்போது ஒன்றும் இல்லை. சீட்டில் உட்கார்ந்து எக்செல்லைத் திறந்ததும்தான்.

உப்பு பாக்கெட் பயிற்சி தினமும் இரண்டு வேளை. முதல் மூன்று நாள் அதிகமாகிவிட்டது போல இருந்தது, மூச்சையே கவனித்துக்கொண்டிருந்தால் பயம் கூடுகிறது. பாப்பா வந்து என் வயிற்றில் உப்பு இருப்பதைப் பார்த்து சிரித்துச் சிரித்து பாக்கெட் கீழே விழுந்தது. அன்றைக்குத்தான் முதல்முறையாக மூச்சைப் பற்றி யோசிக்காமல் அரைமணி நேரம் போனது.

ஆனால் ஒன்று. இப்போது தினம் நூறு தடவை "சரியாக விடுகிறேனா" என்று சோதிக்கிறேன். ஆக்சிமீட்டர் சட்டைப்பையிலேயே இருக்கிறது. இதுவும் ஒரு நோயாகிவிடுமோ?

---

மஞ்சள்பை
மார்ச் 13, மதியம் 1:20

அண்ணா, நீங்கள் தொட்டிருப்பது ரொம்ப முக்கியமான இடம். பீதி நோய்க்கான சிகிச்சையில் மூச்சுப்பயிற்சியைச் சேர்த்தும் சேர்க்காமலும் 2000-இல் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். சேர்த்ததால் பெரிய ஆதாயம் இல்லை. "எண்ணி மூச்சு விடாவிட்டால் செத்துவிடுவேன்" என்று சிலர் அதையே ஊன்றுகோலாகப் பிடித்துக்கொள்ளும் ஆபத்து உண்டு என்பதுதான் அதில் எழுந்த கவலை. ஆக்சிமீட்டர், சட்டைப்பையில் மாத்திரை, கையில் தண்ணீர் பாட்டில் எல்லாம் அந்த ஊன்றுகோல் வகையறா.

அதனால் சிகிச்சையில் தலைகீழாக ஒன்று செய்வார்கள். பயப்படும் உணர்வை வேண்டுமென்றே வரவழைப்பது. ஒரு நிமிஷம் வேகவேகமாக மூச்சு விடச் சொல்வார்கள், இல்லையென்றால் இளநீர் ஸ்ட்ரா வழியாக மட்டும், அல்லது நின்ற இடத்திலேயே ஓடச் சொல்வார்கள். கிறுகிறுப்பும் மரத்துப்போதலும் வரும், பிறகு தானாகப் போகும். திரும்பத் திரும்பச் செய்யும்போது, இது வரும், போகும், ஒன்றும் ஆகாது என்பது மூளைக்கு விளங்கிவிடும். இதை வீட்டில் தனியாக ஆரம்பிக்காதீர்கள். இதயநோய், வலிப்பு, கர்ப்பம், கட்டுப்படாத ஆஸ்துமா இருந்தால் கூடாது. உளவியல் நிபுணர் ஒருவரோடு உட்கார்ந்து செய்யவேண்டும். யாரிடம் போவது என்று தெரியாவிட்டால் 14416-க்குப் போடுங்கள். டெலி மானஸ், அரசு நடத்துவது, இலவசம், தமிழில் பேசலாம். இலங்கையில் இதற்கான எண் 1926.

---

வைகைக்கரை
மார்ச் 13, இரவு 9:00

மஞ்சள்பை சொல்வதை ஒத்துக்கொள்கிறேன், கொஞ்சம் வருத்தத்தோடு. என் கடையில் விற்பது மூச்சுப்பயிற்சி அல்லவா! கரூர்த் தம்பி, பயிற்சி காலை 5 நிமிஷம், மாலை 5 நிமிஷம், அதோடு மறந்துவிடுங்கள். மற்ற நேரத்தில் மூச்சைத் திருத்தவே வேண்டாம். கோணலாகப் போனால் போகட்டும். மனிதன் சராசரியாக ஐந்து நிமிஷத்துக்கு ஒரு பெருமூச்சு தானாக விடுகிறான், சுருங்கிய நுரையீரல் பைகளை விரிக்க. அதையெல்லாம் நீங்கள் மேற்பார்வை பார்க்கவேண்டியதில்லை.

காபி எத்தனை?

---

கரூர்_கணக்கன்
மார்ச் 13, இரவு 9:04

ஆறு. மார்ச் மாதம் என்பதால் எட்டு.

---

வைகைக்கரை
மார்ச் 13, இரவு 9:05

அடப்பாவி.

---

பருத்தித்துறையான்
மார்ச் 22, இரவு 7:45

பீக் ஃப்ளோ மீட்டர் வாங்கினேன். நலமான நாளில் 430. போன கிழமை இரவு மூச்சு முட்டியது, பயந்துபோய் ஊதினேன், 420. இன்ஹேலரைக் கையில் வைத்துக்கொண்டே அடிக்காமல் இருந்தேன். மனிசி பக்கத்தில் இருந்து ஊர்க்கதை கதைத்தவ. இருபது நிமிடத்தில் போய்விட்டது. நேற்று விடிய 290. அது உண்மையான இழுப்பு, அடித்தேன், சரியாகியது. ஐந்து வருடத்தில் முதல்தரம் இரண்டையும் பிரித்துப் பார்த்தேன் அக்கா. கிளினிக்கில் மருந்தும் மாற்றித் தந்திருக்கினம்.

---

கரூர்_கணக்கன்
ஏப்ரல் 6, இரவு 10:20

வருஷக் கணக்கு முடிந்தது. காபி இரண்டு. திருச்சியில் உளவியல் நிபுணர் ஒருவரிடம் மூன்று தடவை போனேன். முதல் நாள் அவர் முன்னால் ஒரு நிமிஷம் வேகமாக மூச்சு விட்டபோது அதே உதடு மரத்தல், அதே விரல் இழுப்பு வந்தது. ஜனவரி ராத்திரி என்னை ஆட்டோவில் ஏற்றிய அதே சமாச்சாரத்தை, நானே, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, 60 நொடியில் தயாரித்துவிட்டேன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். நான்கு நிமிஷத்தில் போய்விட்டது, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முழுதாகப் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். மார்ச் 30 ராத்திரி ஆபீசில் இரண்டு மணிக்கு வந்தது. ஸ்டாக் கணக்கு 11,000 ரூபாய் இடித்துக்கொண்டிருந்தது. மூச்சு முட்ட முட்டவே தேடினேன். ஒரு டெபிட் நோட் இரண்டு தடவை ஏறியிருந்தது. அதை எடுத்தபிறகு பார்த்தால் மூச்சு எப்போது சரியானது என்று ஞாபகமில்லை.

அப்புறம், டிவி ரிமோட்டுக்கு பேட்டரி தீர்ந்துபோய் பாப்பா ஆக்சிமீட்டரிலிருந்து கழற்றிப் போட்டுக்கொண்டாள். வேறு பேட்டரி இன்னும் வாங்கவில்லை.

---

தாம்பரம்_லோக்கல்
ஏப்ரல் 7, காலை 8:40

அண்ணா, அந்தத் திருச்சி நிபுணர் சனிக்கிழமை பார்ப்பாரா? ஃபீஸ் எவ்வளவு என்று தனிமடலில் சொல்லுங்கள். பழவந்தாங்கலை மட்டும் நம்பி எத்தனை நாள் ஓட்டுவது.